வாடிக்கையாளர் வீட்டுச் சமையலறையில் பார்த்தது

வாசகர் கேள்வி:

நான் சென்னையில் வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், வாடிக்கையாளர் ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை வாங்கியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் தெரிந்துகொள்ள அவர்களுடைய வீடுகளுக்கே சென்று, சமையலறையில் ஒரு மணி நேரம் அமர்ந்து, நடப்பதைப் பார்த்துக் குறித்துக்கொள்வது என் வேலை. சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு ஓர் அடுக்குமாடி வீட்டில் இருந்தேன். இயந்திரத்தின் மேல் துணி விரித்து ஊறுகாய் ஜாடிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில், கழுவுதொட்டி எட்டாததால் ஒரு பிளாஸ்டிக் முக்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு ஒரு சிறுமி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு வயது இருக்கலாம். விரலிடுக்குகள் வெளுத்துப் போயிருந்தன. "சொந்தக்காரப் பெண். ஊரில் ரொம்பக் கஷ்டம். நாங்கள்தான் வளர்க்கிறோம்" என்றார் வீட்டு அம்மா. அவருடைய மகன் பள்ளிக்குப் போயிருந்தான். குறிப்புத்தாளில் "பாத்திரம் கழுவுபவர் யார்?" என்ற கட்டத்தில் "வீட்டு உதவியாளர்" என்று எழுதிவிட்டு வந்தேன்.

என் மகளும் ஏழாம் வகுப்புதான் படிக்கிறாள். வீட்டில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது, "அந்தப் பொண்ணு ஏம்மா ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டாள்; பதில் சொல்ல முடியவில்லை. மேலாளரிடம் சொன்னேன். "நாம் வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளப் போனோம், நீதி சொல்லப் போகவில்லை, அவர்கள் விவரத்தை வெளியில் சொல்லமாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்" என்றார். அந்தச் சிறுமி உண்மையிலேயே உறவுக்காரப் பெண்ணாக இருந்தால்? நான் புகார் செய்து அவளுக்கு இருக்கிற சோறும் போய்விட்டால்? இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கோடை விடுமுறையில் தன் மகளையும் அழைத்து வருவார். அவள் வெங்காயம் உரிப்பாள், வீடு கூட்டுவாள். நான் எதுவும் சொன்னதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

வழக்குரைஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருப்பதுபோல் தோன்றினாலும், அவை எல்லாம் ஒரே தயக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. உறுதியாகத் தெரியாமல் ஒரு குடும்பத்தின்மீது எப்படிப் புகார் சொல்வது என்ற தயக்கம் அது. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். அந்தச் சிறுமியின் வயது என்ன, அவள் உறவினளா, அவளுடைய பெற்றோர் பணம் வாங்கியிருக்கிறார்களா என்பதையெல்லாம் கண்டறிவது உங்கள் பொறுப்பு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதற்கென்று ஆய்வாளர்களும் காவல்துறையும் குழந்தைகள் நலக் குழுவும் இருக்கிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியது, பார்த்ததைப் பார்த்தபடி, கூட்டாமல் குறைக்காமல் அவர்களிடம் சொல்வது மட்டுமே. மற்றவர்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து துல்லியமாகக் குறிப்பெடுப்பதையே தொழிலாகக் கொண்ட உங்களைவிட இதை நன்றாகச் செய்யக்கூடியவர் குறைவு.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் "குழந்தைத் தொழிலாளர்" என்றவுடன் மனத்தில் வருவது சிவகாசித் தீப்பெட்டித் தொழிற்சாலைதான். 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் ஒரு குழந்தையை வைத்திருந்ததற்காக ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளியிடமிருந்து வசூலித்து நல நிதியில் சேர்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அந்தச் சிவகாசியை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில்தான். அந்தப் படம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டதாலோ என்னவோ, கந்தகமும் மருந்தும் இல்லாத இடத்தில், அதுவும் ஏசி ஓடும் வீட்டில், எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவே நிற்கும் ஒரு பிள்ளையைத் தொழிலாளி என்று நம் கண் எண்ணுவதேயில்லை. சட்டமும் நீண்டகாலம் எண்ணவில்லை. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும் குழந்தைகளைத் தடைசெய்தது. வீட்டு வேலையும் உணவகம், தேநீர்க்கடை வேலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது 2006 அக்டோபர் 10 அன்றுதான். நான் வழக்குரைஞராகப் பதிவு செய்த காலத்தில், நீங்கள் பார்த்த காட்சியில் குற்றம் என்று சுட்டிக்காட்ட அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட இருக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பட்டியல் பார்க்கும் தேவையே போய்விட்டது. பதினான்கு வயது நிறையாத குழந்தையை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய்க்குக் குறையாமல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். இரண்டாம் முறை பிடிபட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. வாரண்ட் இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றமாகவும் இது ஆக்கப்பட்டுவிட்டது. குழந்தையோடு எந்த உறவும் இல்லாத யாரும் புகார் செய்யலாம் என்பதற்காகவே, "எந்த நபரும்" நீதிமன்றத்தில் புகார் அளிக்கலாம் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நபர்களில் நீங்களும் ஒருவர்.

"சொந்தக்காரப் பெண்" என்ற பதிலுக்கு வருவோம். இதற்கு ஒரு சிறிய விலக்கு இருக்கிறது. பலர் அதை மிகப் பெரிதாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தன் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ ஒரு குழந்தை உதவலாம். ஆனால் பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறையிலோ மட்டும், ஆபத்தில்லாத வேலையில் மட்டும், படிப்புக்கு இடையூறு இல்லாமல் மட்டும். குடும்பம் என்றால் யார் என்பதையும் சட்டமே வரையறுக்கிறது: தாய், தந்தை, உடன்பிறந்தவர்கள், தாயின் உடன்பிறந்தவர்கள், தந்தையின் உடன்பிறந்தவர்கள். சித்தி, அத்தை, மாமா வரை வரும். "எங்கள் ஊர்ப் பெண்", "ஒன்றுவிட்ட வகையில் சொந்தம்" என்பவை வரமாட்டா. அந்த வீட்டு அம்மா உண்மையிலேயே சிறுமியின் சொந்தச் சித்தியாக இருந்தால்கூட, பள்ளி நடக்கும் திங்கட்கிழமை முற்பகல் பதினொன்றேகால் மணிக்கு அவள் கழுவுதொட்டியருகே நிற்பதை அந்த விலக்கு காப்பாற்றாது. ஆகவே, உறவினளா இல்லையா என்ற கேள்வி உங்களை இத்தனை நாள் தூங்கவிடாமல் செய்திருக்கத் தேவையே இல்லை. உறவைப் பற்றி அவர் சொன்ன பதிலைக் காட்டிலும், நீங்கள் குறித்துவைத்த கிழமையும் மணியும்தான் இங்கே பேசும்.

அவளுக்குப் பதினான்கு முடிந்திருந்தால் கணக்கு மாறும். பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களைச் சட்டம் வளரிளம் பருவத்தினர் என்கிறது. சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான வேலைகளில்தான் அவர்களுக்கு முழுத் தடை. ஆனால் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒருவரை வேலைக்காக அடைத்து வைத்திருந்தாலோ, சம்பளத்தைக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்தாலோ 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. ஊரில் பெற்றோர் கையில் முன்பணம் கொடுத்து, அது கழியும்வரை பிள்ளை இங்கே இருக்கட்டும் என்பது ஏற்பாடானால், அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைமுறை ஒழிப்புச் சட்டத்துக்குள் போய்விடும். அந்தக் கடனே செல்லாததாகிவிடும். இவற்றையெல்லாம் விசாரித்துத்தான் அறிய முடியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பதினைந்து வயதுப் பெண் பார்ப்பதற்குப் பன்னிரண்டு போல் தெரிந்து நீங்கள் ஏமாந்திருந்தாலும், உங்கள் தகவல் வீண்பழியாகிவிடாது. வயதைப் பள்ளிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், அவை இல்லாவிட்டால் மருத்துவப் பரிசோதனை என்ற வரிசையில் அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

இனி உங்கள் மேலாளர் சொன்னது. வாடிக்கையாளரைப் புரிந்துகொள்ளத்தான் போனீர்கள் என்கிறார். புரிந்துகொண்டீர்களா என்று அவரைக் கேட்க எனக்கு ஆசை. இத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய இயந்திரத்தின் மேல் ஊறுகாய் ஜாடி ஏறியதற்கு, கடாய் உள்ளே பிடிக்கவில்லை, உப்புத்தண்ணீரில் பாத்திரம் வெள்ளை பூக்கிறது, மின்கட்டணம் ஏறுகிறது என்றெல்லாம் வாடிக்கையாளர்கள் காரணம் சொல்லியிருப்பார்கள். அவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் இயந்திரம் ஓடாததற்கு முதல் காரணம், அதைவிட மலிவாக ஒரு பிள்ளை நின்றுகொண்டிருப்பது. உங்கள் குறிப்புத்தாளில் அந்தப் பிள்ளை "வீட்டு உதவியாளர்" ஆகிவிட்டாள். உங்கள் நிறுவனம் அந்தத் தாளை வைத்துக்கொண்டு, வீட்டு உதவியாளரை வைத்திருப்பவர்கள் இந்த இயந்திரத்தை விரும்புவதில்லை என்று ஒரு முடிவுக்கு வரும். விளம்பரமும் அதற்கேற்ப மாறும். நெறியை விட்டுவிடுவோம், தொழிலளவில் பார்த்தாலும் அது பிழையான தரவு. வயதுக்கு ஒரு கட்டம் இல்லாத படிவத்தில் குழந்தை ஒருநாளும் அகப்படமாட்டாள்.

அந்த வீட்டு அம்மாவைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய வழக்குகளில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காகவும் நான் வாதாடியிருக்கிறேன். என் எதிரில் அமர்ந்து "குழந்தையை வேலைக்கு வைத்திருந்தேன்" என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் "வளர்த்தோம்" என்றே சொன்னார்கள். பலர் அதை மனமார நம்பவும் செய்தார்கள். தீபாவளிக்குப் பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தது, காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் அழைத்துப் போனது எல்லாம் அவர்களுக்கு நினைவிருக்கும். அவள் எங்கே படுத்துக்கொள்வாள் என்று கேட்டால் மட்டும் சற்று யோசித்துவிட்டு "ஹாலில்தான்" என்பார்கள். எந்த வகுப்பில் விட்டாள், ஊரில் யாரிடம் எவ்வளவு கொடுக்கிறீர்கள், அவள் அம்மாவோடு கடைசியாக எப்போது பேசினாள் என்று கேட்கக் கேட்க, வளர்ப்பது என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவதை அந்த மேசையிலேயே பார்த்திருக்கிறேன். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து, ஒன்றுக்கு மட்டும் காலையில் பள்ளி வேன் வருமானால், மற்றொன்று அங்கே வளரவில்லை. இந்த அம்மா கொடியவர் என்று நான் சொல்லவில்லை. அவர் எப்படித் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார் என்பதை உங்களால் புரிந்துகொள்ள முடிகிறது. அது உங்கள் தொழில்திறன். புரிந்துகொண்டதாலேயே வாயை மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

எழுதிக் கொடுத்த உறுதிமொழி பற்றிய அச்சம் தேவையற்றது. அது பொருளைப் பயன்படுத்தும் விதம், குடும்ப விவரம் ஆகியவற்றை வணிகத்துக்காக வெளியிடாமல் காப்பதற்கானது. ஒரு குற்றத்தை மூடிவைக்கும் ஒப்பந்தமாக அதை யாராவது வாசித்தால், சட்டவிரோத நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்ற 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு குறுக்கே வரும். ஆனாலும் உங்கள் வேலையை நீங்கள் காத்துக்கொள்ள வேண்டும். எனவே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இன்ன தேதியில், ஆய்வுக்காகச் சென்ற ஒரு வீட்டில், பதினான்கு வயதுக்குட்பட்டவராகத் தோன்றிய சிறுமி பள்ளி நேரத்தில் வேலை செய்ததைப் பார்த்தேன், இன்ன நாளில் தங்களிடம் வாய்மொழியாகத் தெரிவித்தேன், தனிமனிதர் என்ற முறையில் உரிய அதிகாரிகளுக்குத் தகவல் தரவிருக்கிறேன். அனுமதி கேட்பதுபோல் எழுத வேண்டாம். பதிலுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் நிறுவனம் பங்குச்சந்தையின் முதல் ஆயிரம் நிறுவனங்களில் ஒன்றாக இருந்தால், பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி கேட்கும் ஆண்டறிக்கையில் குழந்தைத் தொழிலாளர் பற்றி வந்த புகார்களின் எண்ணிக்கைக்கென்றே ஓர் இடம் உண்டு. அது உங்கள் வாடிக்கையாளர் வீடுகளைக் குறித்ததல்ல என்று அவர்கள் சொல்லலாம். சொல்லட்டும்; அந்தச் சொல்லை முதன்முதலாக அங்கே யாரோ உச்சரிக்க நேர்ந்தது என்பதே ஒரு தொடக்கம்.

இப்போது மிக முக்கியமான பகுதி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், பதினெட்டு வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்காகவும் அழைக்கலாம். உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். முகவரி, மாடி, நாள், நேரம், சிறுமி என்ன செய்துகொண்டிருந்தாள், வீட்டு அம்மா சொன்ன சொற்கள், அந்த வீட்டுப் பையன் பள்ளிக்குப் போயிருந்தது, இவற்றை மட்டும் சொல்லுங்கள். "கொடுமைப்படுத்துகிறார்கள்" என்று சேர்க்காதீர்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. விரலிடுக்கு வெளுத்திருந்ததைச் சொல்லுங்கள், அதைப் பார்த்தீர்கள். எழுத்தில் தர விரும்பினால் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் பென்சில் இணையதளத்திலும், மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்திலும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் தரலாம்.

அதற்கு முன் செய்யக்கூடாதவை சில உண்டு. நல்ல மனத்தோடு செய்யப்படும் தவறுகள்தான் இவற்றில் அதிகம். வீட்டு அம்மாவுக்குத் தொலைபேசியில் புத்தி சொல்லாதீர்கள். மறுநாள் காலை அந்தச் சிறுமி வேறொரு வீட்டிலோ, ஊருக்குப் போகும் பேருந்திலோ இருப்பாள், பிறகு யாராலும் அவளைக் கண்டுபிடிக்க முடியாது. ஏதோ ஒரு சாக்கை வைத்துக்கொண்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போய் அவளிடம் தனியாக விசாரிக்காதீர்கள். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்ற கேள்விக்கு நீங்கள் போன பிறகு அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆய்வுக்காகச் சமையலறையைப் படம் எடுத்திருப்பீர்கள். எதிலாவது அவள் முகம் விழுந்திருந்தால் அதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள், முகநூலில் பகிராதீர்கள். சட்டத்தின் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதே இளைஞர் நீதிச் சட்டப்படி தண்டனைக்குரியது. அழிக்கவும் வேண்டாம். விசாரணை அதிகாரி கேட்டால் கொடுங்கள்.

"இருக்கிற சோறும் போய்விட்டால்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஏனென்றால் அது வெறும் சாக்கு இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தொண்டர் குழுவோடு சேர்ந்து தேநீர்க்கடை ஒன்றிலிருந்து பதினொரு வயதுப் பையனை மீட்கப் போனேன். கடைக்காரர்மீது வழக்கு, பையனுக்குப் புது உடுப்பு, ஊருக்குப் பேருந்து, எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. எங்களை எல்லோரும் பாராட்டினார்கள். நான்கு மாதம் கழித்து, வேறோர் ஊர்ப் பேருந்து நிலையத்தில், ஆறு கண்ணாடி டம்ளர் பிடிக்கும் அந்தக் கம்பிக் கூண்டைத் தூக்கிக்கொண்டு அதே பையன் என்னைத் தாண்டிப் போனான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய அப்பாவுக்கு எவ்வளவு கடன் இருந்தது என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. மீட்பதை மட்டுமே வேலையாக நினைத்துவிட்டோம்.

ஆகவே இன்றைய நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மீட்கப்படும் குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவளை உடனே ஊருக்கு ஏற்றி அனுப்பிவிட முடியாது. சமூகப் பணியாளர் ஒருவர் பதினைந்து நாளுக்குள், குடும்பநிலை உட்பட எல்லாவற்றையும் விசாரித்து அறிக்கை தர வேண்டும். நான்கு மாதத்துக்குள் குழு இறுதி முடிவு சொல்ல வேண்டும். அதுவரை அவள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் இருக்கலாம். அந்த நாட்கள் அவளுக்கு எளிதாக இராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது இடம், புது முகங்கள், தன்னால்தான் ஏதோ ஆகிவிட்டது என்ற பயம். சில பிள்ளைகள் "ஆன்ட்டி வீட்டுக்கே போகிறேன்" என்று அழுவதும் உண்டு. அதைக் கேட்டுப் புகார் கொடுத்தவர் மனம் உடைந்துவிடக்கூடாது.

பெற்றோர் பிள்ளையை வேலைக்கு அனுப்பியது முதல் தடவையென்றால், அவர்களுக்குத் தண்டனை கிடையாது. முதலாளியிடம் வசூலாகும் அபராதம் குழந்தையின் பெயரில் மறுவாழ்வு நிதியில் சேரும். அதோடு அரசு 15,000 ரூபாய் சேர்க்க வேண்டும். பெரிய தொகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதைவிடப் பெரியது பள்ளி. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி, இடையில் நின்ற பிள்ளையை அவள் வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். வயதுச் சான்றிதழ் இல்லை என்றோ மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ திருப்பி அனுப்பக்கூடாது. பன்னிரண்டு வயதுப் பெண்ணை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைத்தால் ஒரே வாரத்தில் நின்றுவிடுவாள் என்று அறிந்தவர்கள் எழுதிய விதி அது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையென்றால் எமிஸ் எண் என்னும் மாணவர் பதிவெண் இருக்கும். எந்த ஊரில் எந்த வகுப்பில் நின்றாள் என்பதை அதைக்கொண்டு தேடிவிடலாம்.

நீங்கள் இதில் எங்கே வருகிறீர்கள் என்றால், தகவல் கொடுத்துவிட்டோம் என்று விட்டுவிடாமல், பதிவு எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அழைத்து விசாரியுங்கள். குழந்தையின் விவரத்தை உங்களுக்குச் சொல்லமாட்டார்கள், சொல்லவும் கூடாது. "அவள் பள்ளியில் சேர்க்கப்பட்டாளா? குடும்பத்தின் கடன் விசாரிக்கப்பட்டதா?" என்று வெளியிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பது கோப்பு தூங்காமல் இருக்க உதவும். ஒரு வாரத்தில் எந்த அசைவும் இல்லையென்றால், மாவட்ட ஆட்சியருக்குப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு மனு அனுப்புங்கள். மாவட்டத்தில் இதற்கான பணிக்குழு அவர் தலைமையில்தான் இயங்குகிறது.

உங்கள் வீட்டு விஷயம். நீங்களாக எழுதியதால் தயங்காமல் சொல்கிறேன். அம்மாவோடு வரும் பெண் பிள்ளை அம்மாவுக்குத்தானே உதவுகிறாள், அதுவும் விடுமுறையில்தானே, எனவே விலக்குக்குள் வராதா என்று உங்கள் மனம் வாதாடும். என் வாசிப்பில் வராது. உங்கள் வீடு அந்தக் குடும்பத்தின் தொழில் இல்லை. அது அந்த அக்கா சம்பளத்துக்கு வேலை செய்யும் இடம். வெங்காயம் உரிப்பது உங்கள் குழம்புக்கு. ஆனால் அக்காவிடம் "இனி அவளைக் கூட்டிக்கொண்டு வராதே" என்று சொல்வதும் பதிலாகாது. அவர் ஏன் அழைத்து வருகிறார் என்று கேட்டீர்களானால், பூட்டிய வீட்டில் தனியாக விட்டுவர அவருக்குப் பயம் என்பதுதான் பெரும்பாலும் விடையாக இருக்கும். நீங்களும் வேலைக்குப் போகும் தாய். அந்தப் பயம் உங்களுக்குத் தெரியாததல்ல. வரட்டும், உங்கள் மகளோடு உட்காரட்டும், சாப்பிடட்டும், புத்தகம் படிக்கட்டும். துடைப்பம் மட்டும் அவள் கைக்குப் போகக்கூடாது. அவள் செய்த வேலை இத்தனை நாளும் அக்காவின் நேரத்தைக் குறைத்தது என்றால், அந்த நேரத்துக்கான சம்பளத்தை அக்காவுக்குக் கூட்டிக் கொடுங்கள்.

மகளின் கேள்விக்கு என்ன சொல்வது என்பதில் எனக்குத் தொழில்முறைத் தகுதி எதுவும் இல்லை. ஒரு தகப்பன் என்ற அளவில் சொல்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்: அவளைப் பள்ளிக்கு அனுப்பியிருக்க வேண்டிய பெரியவர்கள் அனுப்பவில்லை, அது தவறு, அம்மா அதைச் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லப் போகிறேன். அந்த வீடு எது, யார் என்பதைச் சொல்ல வேண்டாம். பள்ளியில் போய்ப் பேசிவிடுவாள். ஒன்றை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். "படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்" என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்வோமே, அந்த வரிசையில் "படிக்காவிட்டால் அவளைப்போல் பாத்திரம்தான் தேய்ப்பாய்" என்று அந்தச் சிறுமியை உதாரணமாக்கிவிடாதீர்கள். அவள் படிக்காமல் விட்டதால் அங்கே நிற்கவில்லை. அங்கே நிறுத்தப்பட்டதால் படிக்காமல் இருக்கிறாள்.

ஏற்கெனவே ஒரு மாதம் கடந்துவிட்டது என்று வருந்திக்கொண்டு இன்னும் நாளைக் கடத்த வேண்டாம். முதலில் அந்தக் குறிப்புத்தாளை எடுத்து, "வீட்டு உதவியாளர்" என்று எழுதியதை அடிக்காமல், அதன் கீழே இன்றைய தேதியிட்டு "சுமார் 11–12 வயதுச் சிறுமி, முக்காலியில் நின்று" என்று திருத்தம் எழுதிக் கையொப்பமிடுங்கள். பிறகு 1098க்கு அழையுங்கள். அழைக்கும்போது, நீங்கள் பார்த்தது திங்கட்கிழமை, மணி பதினொன்றேகால், அன்று பள்ளி வேலைநாள் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.